பாக்கெட் வாட்ச் கைக்கடிகாரமாகும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு வருடத்துக்கு முன்னால் செய்த பாக்கெட் வாட்ச் ஒன்று மேசை இழுப்பறையில் ஓடாமல் கிடக்கிறது. அதைக் கையில் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "வேண்டாம்" என்று நான் சொல்லும் இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மாற்றுவது என்றால் சரியாக எதை மாற்றுகிறோம்?

வாட்சின் உயிர் உள்ளே இருக்கும் மெஷின். அதன் மேல் டயல், டயலின் மேல் முட்கள். இவை மூன்றையும் பழைய கூட்டிலிருந்து எடுத்து, பட்டை மாட்டுவதற்குக் காது வைத்த புதுக் கூட்டில் பொருத்துகிறோம். புதுக் கூடு பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. பழைய கிரௌன், அதாவது சாவி கொடுக்கும் குமிழ், போய்ப் புதியது வரும். அதை மெஷினோடு இணைக்கும் ஸ்டெம் என்ற மெல்லிய தண்டையும் பெரும்பாலும் புதிதாகக் கடைய வேண்டியிருக்கும். மெஷினையே அறுப்பது, ராவுவது, துளை போடுவது எல்லாம் நல்ல வேலையில் கிடையாது. என்றைக்காவது ஒருவர் அதை மறுபடி பாக்கெட் வாட்சாக்க நினைத்தால், திருகுகளைக் கழற்றினாலே போதும் என்ற நிலையில் இருக்க வேண்டும்.

இது சமீபத்தில் வந்த மோகமா?

இல்லை, கைக்கடிகாரம் பிறந்த கதையே இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில், சிப்பாய்கள் பாக்கெட் வாட்சைத் தோலில் தைத்த கிண்ணம் போன்ற உறையில் வைத்து மணிக்கட்டில் கட்டினார்கள். முதல் உலகப்போரில் சின்ன வாட்சுகளின் கூட்டில் கம்பியை வளைத்துப் பற்றவைத்து, அதில் பட்டையைக் கோத்தார்கள். துப்பாக்கியும் வரைபடமும் பிடித்த கையால் சட்டைப்பையைத் துழாவ முடியாது, அவ்வளவுதான் காரணம்.

பெரிய கம்பெனிகளும் இதையே செய்தன. போர்ச்சுகல் வியாபாரிகள் இருவர், பாக்கெட் வாட்ச் அளவுக்குத் துல்லியமாக ஓடும் கைக்கடிகாரம் வேண்டும் என்று கேட்டபோது, 1939இல் ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் கம்பெனி பாக்கெட் வாட்ச் மெஷினையே எடுத்துக் கைக்கடிகாரக் கூட்டில் வைத்தது. அதுதான் போர்ச்சுகீசர் வரிசையின் தொடக்கம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானிகளுக்கு இதே வழியில் செய்த வாட்சுகள் 55 மி.மீ. அகலம். கனத்த ஜாக்கெட்டின் கைக்கு மேல் கட்டிக்கொள்வார்கள். இன்றும் தயாரிப்பில் இருக்கும் 6497, 6498 என்ற மெஷின்கள் யூனிடாஸ் கம்பெனி பாக்கெட் வாட்சுக்காகவே வடிவமைத்தவை.

தாத்தாவின் வாட்ச் கூட்டோடு முழுதாக இருக்கிறது. அதை மாற்றித் தருவீர்களா?

மாட்டேன். கூடு, மெஷின், டயல், கிரௌன் எல்லாம் ஒன்றாகவே பிழைத்து வந்திருக்கும் வாட்சைப் பிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. மூடியின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எண்களும் தேதிகளும் இருக்கும். எந்த வருடம் எண்ணெய் போட்டது, யார் கைக்குப் போனது என்ற கணக்கு அது. மெஷினை வேறு கூட்டுக்கு மாற்றினால் அந்தக் கணக்கு அதோடு அறுந்துபோகும். வெளிக்கூட்டில் ஒருவரின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய இடமும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட வாட்சைச் சுத்தம் செய்து ஓட வைத்துத் தருகிறேன், சங்கிலியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். கையில் கட்டியே ஆக வேண்டும் என்றால், நான் சொன்ன அந்தப் பழைய தோல் உறை இருக்கிறதே, அதைத் தைத்துக்கொள்ளலாம். வாட்சுக்கு ஒரு கீறலும் விழாது. பழைய வெள்ளிக் கூட்டில் கம்பி பற்றவைக்க மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். சூட்டில் கூடு நெளியும், கீல் தளரும், திரும்பச் சரிசெய்ய முடியாது.

அப்படியானால் எதைத்தான் மாற்றுவீர்கள்?

கூட்டை இழந்த மெஷின்களை. உலகம் முழுக்க அவை ஏராளமாக இருக்கின்றன. காரணம் தங்கம். விலை ஏறிய ஒவ்வொரு முறையும் தங்கக் கூடுகள் உருக்கப்பட்டன. உள்ளே இருந்த மெஷினுக்கு எடைக்குக் காசு இல்லை என்பதால், அதை டப்பாவில் போட்டு ஒதுக்கினார்கள். அப்படி ஒரு டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் மனம் கனத்துவிடும். பாலங்களில், அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகளில், அலையலையாகச் செதுக்கிய கோலம், நீலம் பாய்ச்சிய திருகுகள், கண்ணாடி மாதிரி மெருகேற்றிய பற்கள், எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும். அவற்றுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுப்பதுதான் இந்த வேலை என்று நினைக்கிறேன்.

அமெரிக்க மெஷின்கள் என்றால் இன்னொரு நியாயமும் இருக்கிறது. வால்தம், எல்ஜின், ஹாமில்டன் போன்ற கம்பெனிகள் நீண்ட காலம் மெஷினைக் கூடு இல்லாமலேதான் பெரும்பாலும் விற்றன. கூடு செய்ய வேறு கம்பெனிகள். வாடிக்கையாளர் கடையில் மெஷினைத் தனியாகவும் கூட்டைத் தனியாகவும் தேர்ந்தெடுப்பார், கடைக்காரர் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார். அளவுகள் பொதுவானவை என்பதால் இது முடிந்தது. ஆகவே அனாதையாகக் கிடக்கும் எல்ஜின் மெஷினுக்குப் புதுக் கூடு போடுவதால் அதன் பிறப்புக்கு விரோதமாக எதுவும் நடந்துவிடாது.

எந்த அளவு மெஷின் கைக்கு ஒத்துவரும்?

அமெரிக்க அளவுமுறையில் 0 சைஸ் என்பது சுமார் 29.6 மி.மீ. ஒவ்வொரு எண் கூடும்போதும் ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு கூடும். அந்தக் கணக்கில் 12 சைஸ் ஏறக்குறைய 39.8 மி.மீ., 16 சைஸ் 43.2, 18 சைஸ் 44.9. இது மெஷினின் அளவு மட்டும். அதைச் சுற்றிக் கூட்டின் சுவர், கண்ணாடி வளையம் எல்லாம் சேர்ந்தால் நாலைந்து மி.மீ. கூடிவிடும். 16 சைஸை வைத்துச் செய்த வாட்ச் 48 மி.மீ. பக்கம் வந்து நிற்கும். பெரிய மணிக்கட்டுக்குக் கம்பீரமாக இருக்கும், மெலிந்த கைக்குத் தட்டு கட்டியது போல இருக்கும்.

என் விருப்பம் 12 சைஸ். 1920களில் கோட்டுப் பைக்குள் உப்பித் தெரியக் கூடாது என்று மெலிதாகச் செய்தவை, கையில் படிந்து உட்காரும். பெண்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்ட 0, 6 சைஸ் வாட்சுகளின் மெஷின்களையும் பலர் கவனிப்பதில்லை. இன்றைய சாதாரணக் கைக்கடிகார அளவுக்கே அவை வந்துவிடும். சுவிஸ் மெஷின்களை லின் என்ற அலகில் சொல்வார்கள், ஒரு லின் சுமார் 2.26 மி.மீ.

கைவைக்கவே கூடாத மெஷின்கள் உண்டா?

உண்டு. சங்கிலி சுற்றிய கூம்பு உருளையோடு வரும் வெர்ஜ் வகையை விட்டுவிடுங்கள். அவை தடிமனானவை, பலதும் இருநூறு வயதைத் தாண்டியவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றின் துளைவேலைப் பாலங்களைப் பிடுங்கிக் கழுத்தணி செய்தார்கள். அதற்குப் பலியான வாட்சுகள் போதும். தனிச் சாவியைச் செருகிச் சுற்றும் வகையிலும் கிரௌன் கிடையாது, அதனால் தினமும் பின்மூடியைத் திறக்க வேண்டிவரும். சிலிண்டர் வகை எஸ்கேப்மென்ட் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் அமைப்பு) உள்ளவை மலிவாகக் கிடைக்கும், ஆனால் தேய்ந்துபோயிருக்கும், நேரமும் நிலைக்காது.

சில மாற்று வாட்சுகளில் கிரௌன் ஏன் 12 மணிக்கு மேலே இருக்கிறது?

பாக்கெட் வாட்ச் இரண்டு வகை. மூடி இல்லாமல் முகம் திறந்திருப்பதில் கிரௌன் 12 பக்கம், சின்ன விநாடி முள் நேர் எதிரே 6 பக்கம். முகத்தை மூடும் மூடியோடு வரும் ஹண்டர் வகையில் கிரௌன் 3 பக்கம், விநாடி முள் 6 பக்கம். நமக்குப் பழகிய கைக்கடிகாரத்தின் அமைப்பு இந்த ஹண்டர்தான். அதனால் ஹண்டர் மெஷின் கிடைத்தால் பழைய டயலையே வைத்து, கிரௌன் 3இல் இருக்கும்படி அழகாகச் செய்துவிடலாம்.

திறந்த முகத்து மெஷினில் இரண்டே வழி. பழைய டயலைக் காப்பாற்ற வேண்டுமானால் கிரௌன் 12இல்தான் நிற்கும். கிரௌன் 3இல்தான் வேண்டும் என்றால் மெஷினைத் திருப்ப வேண்டும், விநாடி முள் 9க்குப் போய்விடும், அதற்குப் புது டயல் செய்ய வேண்டும். நான் எப்போதும் முதல் வழிதான். நூறு வருடத்து டயலைத் தூக்கி வைத்துவிட்டுப் புதியதைப் போட்டால் பிறகு எதற்கு இந்தப் பாடு? வாட்சை எப்படியும் கையிலிருந்து கழற்றி வைத்துத்தான் சாவி கொடுக்கப் போகிறோம், மேலே இருப்பதால் ஒரு சிரமமும் இல்லை. மணிக்கட்டை மடக்கும்போது புறங்கையில் குத்தாது என்பது கூடுதல் வசதி.

வாங்கிய அமெரிக்க மெஷினில் சாவியே ஏறவில்லை, முள்தான் சுற்றுகிறது. கெட்டுப்போனதா?

பெரும்பாலும் இல்லை. இதை நம்பி நல்ல மெஷின்களைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவிஸ் மெஷின்களில் ஸ்டெம் மெஷினுக்குள்ளேயே ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். பழைய அமெரிக்க மெஷின்கள் பலவற்றில் அப்படி இல்லை. ஸ்டெம் கூட்டோடு சேர்ந்தது. கூட்டின் கழுத்துக்குள் ஸ்லீவ் என்ற சின்ன எஃகுக் குழாய் இருக்கும். அதன் நுனி விரல்கள் போலப் பிளந்து, ஸ்டெம்மின் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். ஸ்டெம் உள்ளே தள்ளி நின்றால் மெஷின் சாவி ஏறும் நிலைக்குப் போகும். வெளியே இழுத்தால், அல்லது ஸ்டெம்மே இல்லாவிட்டால், மெஷின் தானாக முள் திருப்பும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே கூட்டை விட்டு வெளியே எடுத்த மெஷின் எப்போதும் முள்ளைத்தான் சுற்றும். சதுர முனையுள்ள சாவி ஒன்றை நுழைத்து, மெல்ல உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள். கிர் கிர் என்று சாவி ஏறும் சத்தம் கேட்டால் மெஷினுக்கு ஒன்றும் இல்லை.

புதுக் கூடு வாங்கும்போது இதுதான் சிக்கல். ஸ்லீவ் உட்காரும் குழாய் இல்லாத கூட்டில் இந்த மெஷினை வைத்தால் சாவியும் ஏறாது, முள்ளும் நிற்காது. அமெரிக்க மெஷின் என்று முன்கூட்டியே சொல்லிக் கூடு செய்யச் சொல்லுங்கள்.

ரயில்வே வாட்ச் மெஷின்களில் இன்னொன்று: முள்ளைத் திருப்ப டயலின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்ன நெம்புகோலை நகத்தால் வெளியே இழுக்க வேண்டும். ஓடும் வண்டியில் தவறுதலாக நேரம் மாறிவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. கைக்கடிகாரத்தில் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்ற வேண்டும், தூசி உள்ளே போகும். பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

டயலில் விரிசல் இருக்கிறது. புதிதாக வண்ணம் பூசலாமா?

வேண்டாம். வெள்ளை எனாமல் டயல் என்பது செம்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைச் சூளையில் சுட்டு எடுத்தது. முடி போன்ற விரிசல் அதன் வயதின் அடையாளம். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டுக் கழுவினால், விரிசலுக்குள் புகுந்த அழுக்கு வெளியேறிப் பாதி விரிசல் கண்ணுக்கே தெரியாது. கம்பெனி பெயரை மட்டும் தேய்க்காதீர்கள். சில டயல்களில் அது சுடாமல் மேலே எழுதப்பட்டிருக்கும், விரலோடு வந்துவிடும்.

டயலைக் கழற்றும்போது நெம்பக் கூடாது. அதன் பின்னால் மெல்லிய செம்புக் கால்கள் இருக்கும், மெஷினின் விளிம்பில் இருக்கும் சின்னத் திருகுகள் அவற்றைப் பிடித்திருக்கும். மூன்று திருகில் ஒன்றை மறந்துவிட்டு நெம்பினால் எனாமல் சில்லாகத் தெறிக்கும்.

இருட்டில் ஒளிரும் எண்களோ முட்களோ இருந்தால் எச்சரிக்கை. முதல் உலகப்போர்க் காலம் தொட்டு 1960கள் வரை அதற்கு ரேடியம் கலந்த பூச்சைப் பயன்படுத்தினார்கள். இப்போது ஒளிராமல் பழுப்பாகிவிட்டது என்பதால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மங்கியது ஒளிரும் பொருள்தான். ரேடியத்தின் அரையாயுள் 1,600 வருடம். அதைச் சுரண்டினால் தூள் மூச்சில் போகும். வீட்டில் கைவைக்காமல், அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு உள்ளவரிடம் கொடுங்கள்.

கையில் கட்டினால் அடி தாங்குமா?

இன்றைய வாட்சைப் போலத் தாங்காது. இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், தலைமுடியின் தடிமன். 1930களில் இன்கப்ளாக் போன்ற அதிர்வுதாங்கி அமைப்புகள் வருவதற்கு முன் செய்த மெஷின்களில் அந்த முனை தாங்கியாக வைத்த கல்லில் நேரடியாக நிற்கும். கீழே விழுந்தால் முறியும்.

நான் முதன்முதலாக முடித்த வாட்சுக்கு இது நடந்தது. 12 சைஸ் எல்ஜின். மாட்டிப் பார்த்த அன்றே கதவின் நிலையில் மணிக்கட்டு இடித்தது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. காதில் வைத்தால் டிக் டிக் என்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு பக்கம் கவிழ்த்தால் இழுத்து இழுத்துக் கேட்டது. பெரிதாக்கிப் பார்த்தபோது, அச்சின் முனை ஓர் எழுத்தாணியின் நுனி ஒடிந்தது போல மொட்டையாக நின்றது. புது அச்சு பொருத்தி, சக்கரத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. அன்றிலிருந்து இந்த வாட்சுகளைக் கட்டிக்கொண்டு சுத்தியல் பிடிக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள், பந்து விளையாடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நேரம் சரியாகக் காட்டுமா?

நன்றாகச் சுத்தம் செய்து எண்ணெய் இட்ட நல்ல மெஷின், நாளுக்கு அரை நிமிடத்துக்குள் நின்றால் எனக்குத் திருப்தி. அமெரிக்க ரயில்வே விதி வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்றது. அந்த மெஷின்களே கைக்கு வந்தால் அப்படி ஓடாததற்கு ஒரு சுவையான காரணம் உண்டு.

ரயில்வே மெஷின்களை ஐந்து நிலைகளில் சோதித்துச் சரிசெய்தார்கள்: முகம் மேலே, முகம் கீழே, கிரௌன் மேலே, இடது, வலது. கிரௌன் கீழே இருக்கும் நிலையை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் சட்டைப்பையில் வாட்ச் தலைகீழாக நிற்காது. இப்போது அதே மெஷினைத் திருப்பிக் கிரௌன் 3இல் வரும்படி இடது கையில் கட்டி, கையைத் தொங்கவிடுங்கள். கிரௌன் தரையைப் பார்க்கும். யாரும் சரிசெய்யாமல் விட்ட அந்த ஒரே நிலையில்தான் வாட்ச் பாதி நாள் இருக்கும்! கிரௌனை 12இலேயே விட்டால் அது பக்கவாட்டு நிலை, ஐந்துக்குள் அடங்கிவிடும். பழைய டயலைக் காப்பாற்றும் வழியே நேரத்துக்கும் நல்லதாக அமைந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள், பழைய எஃகில் செய்ததானால், போன், ஸ்பீக்கர் பக்கத்தில் எளிதில் காந்தமேறும். திசைகாட்டியை அருகே கொண்டுபோனால் ஊசி துடிக்கும். காந்தம் இறக்கும் கருவியில் காட்டினால் சரியாகிவிடும்.

தண்ணீர் பட்டால்?

படக் கூடாது. புதுக் கூட்டில் ரப்பர் வளையங்கள் வைத்தால் வியர்வையும் தூறலும் உள்ளே போகாது, அவ்வளவுதான். கழற்றிவிட்டுக் கை கழுவுங்கள்.

நானே செய்யலாமா?

கூட்டில் பொருத்துவதைப் பழகிக்கொள்ளலாம். மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்வதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். எதைச் செய்வதானாலும் முதலில் வாட்சை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குங்கள்: கிரௌனைப் பிடித்துக்கொண்டு, பல்லைத் தடுக்கும் கொக்கியை மரக்குச்சியால் விலக்கி, கிரௌனை விரல்களுக்கிடையே மெல்லத் திரும்ப விடவேண்டும். முறுக்கோடு பாலத்தைக் கழற்றினால் சக்கரங்கள் பேய் பிடித்தது போலச் சுழன்று பல் உதிரும். நூறு வருடம் பிழைத்த மெஷினை அரை நொடியில் கொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

ஏற்கெனவே மாற்றிய வாட்சை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மூன்றைக் கேளுங்கள். மெஷின் எங்கிருந்து வந்தது, டயல் பழையதா புதியதா, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள். பிரபலமான பெயரைப் பளிச்சென்று புதிதாக அச்சடித்த டயல் இருந்தால் தள்ளி நில்லுங்கள். மாற்றிய வாட்ச் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது நேர்மை. "அந்தக் காலத்துக் கைக்கடிகாரம்" என்று சொல்லி விற்பது ஏமாற்று.

வயதைக் கண்டுபிடிக்க மெஷினில் பொறித்த வரிசை எண்ணைப் பாருங்கள். கூட்டில் இருக்கும் எண் கூடு செய்தவரின் எண். அமெரிக்க வாட்சில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

மாற்றியபின் மிஞ்சும் பழைய பாகங்களை என்ன செய்வது?

ஒன்றையும் எறியாதீர்கள். துருவேறிய ஸ்டெம், நசுங்கிய கூட்டின் துண்டு, உடைந்த முள் எல்லாவற்றையும் சின்ன டப்பாவில் போட்டு, மெஷினின் வரிசை எண்ணையும் நீங்கள் செய்த வேலைகளையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நான் புதுக் கூட்டின் பின்மூடி உள்பக்கத்தில் தேதியை ஊசியால் கீறிவிடுகிறேன், பழைய ரிப்பேர்காரர்கள் செய்தது போலவே. அடுத்து அதைத் திறப்பவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.